பிரோஸ்லோ நாடா: ஒரு மதிப்பீடு

பிரோஸ்லோ நாடா, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குழந்தையின் நீளத்தை அளந்து, அதிலிருந்து எடை, மருந்தளவு, கருவிகளின் அளவு ஆகியவற்றை உடனே அறிய உதவும் வண்ண நாடா. அமெரிக்காவின் வட கரோலினாவில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் பிரோஸ்லோ 1980களின் நடுப்பகுதியில் இதை உருவாக்கினார். புளோரிடாவைச் சேர்ந்த குழந்தைகள் அவசர மருத்துவர் ராபர்ட் லூட்டன் இதன் வளர்ச்சியில் இணைந்தார். அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்கான விரைவுக் குறிப்புகளில் மிகப் பரவலாக அறியப்பட்டது இதுவே.

தேவை

குழந்தைகளுக்கு மருந்தளவு எடையைப் பொறுத்தது. வலிப்பிலோ இதயத்துடிப்பு நின்ற நிலையிலோ வரும் குழந்தையை எடைக்கருவியில் கிடத்த நேரமிருக்காது. நாடா வருவதற்கு முன் வயதை வைத்து எடை கணிக்கப்பட்டது. வயதுடன் 4ஐக் கூட்டி இரண்டால் பெருக்குவது அவ்வழிகளில் ஒன்று. அதன்படி நான்கு வயதுக் குழந்தையின் எடை 16 கிலோ. பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகப் பெருக்கிப் பார்க்க வேண்டும். குழந்தையின் வயது தெரியாதபோது இம்முறைக்கு வழியே இல்லை.

அமைப்பு

ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுடைய இந்நாடாவின் சிவப்பு முனையைக் குழந்தையின் உச்சந்தலையில் பொருத்தி, குதிகால் எந்த வண்ணத்தில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். சாம்பல், இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா, மஞ்சள், வெள்ளை, நீலம், ஆரஞ்சு, பச்சை என வண்ணங்கள் 3 கிலோவிலிருந்து 36 கிலோ வரை செல்கின்றன. வெள்ளை என்றால் 15 முதல் 18 கிலோ. அந்தக் கட்டத்திலேயே அட்ரினலின் அளவு, மின்னதிர்ச்சியின் அளவு, மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் டியூபின் அளவு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். மருந்து டிராலியின் இழுப்பறைகளுக்கும் அதே வண்ணங்களைத் தரும் வழக்கம் பின்னர் பரவியது.

சாதனை

நாடாவின் முதன்மையான சாதனை, கணக்கை நெருக்கடி நேரத்திலிருந்து அமைதியான நேரத்துக்கு மாற்றியது. பெருக்கல்கள் அச்சிடப்படும்போதே முடிந்துவிடுகின்றன. 1988இல் வெளியான ஆய்வு, 25 கிலோ வரையிலான குழந்தைகளில் இந்த எடைக் கணிப்பு நம்பத்தக்கது என்று காட்டியது. எடை தெரியாத குழந்தைக்கு நீள நாடாவைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இதயக் கழகத்தின் வழிகாட்டுதல்களும் ஏற்றுக்கொண்டன.

எடை பற்றிய விமர்சனம்

நாடாவின் எடைகள் அமெரிக்கக் குழந்தைகளின் வளர்ச்சி அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரே நீளமுள்ள குழந்தைகள் எல்லா ஊர்களிலும் ஒரே எடையில் இருப்பதில்லை. இந்தியக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், 10 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளில் பிழை சிறிதாகவே இருந்தது. அதற்கு மேற்பட்டவர்களின் எடையை நாடா 10 விழுக்காட்டுக்கும் கூடுதலாக மிகைப்படுத்தியது. உடற்பருமன் பெருகிய நாடுகளில் இதற்கு நேர்மாறாக எடை குறைத்துக் கணிக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் உருவான பாப்பர் நாடா, நீளத்தோடு குழந்தையின் உடல்வாகையும் மதிப்பிட்டு இப்பிழையைத் திருத்த முயல்கிறது.

ஆனால் இந்த விமர்சனம் நாடா முழுவதற்கும் சமமாகப் பொருந்தாது. மூச்சுக்குழாயின் அளவு உடல் நீளத்தோடு நெருங்கிய தொடர்புடையது. ஆகவே மெலிந்த குழந்தையிடம் எடை தவறினாலும் டியூபின் அளவு பெரும்பாலும் சரியாகவே அமையும். ஒரே நாடாவின் எல்லா எண்களையும் ஒரே அளவில் நம்புவதும், ஒரே அளவில் சந்தேகிப்பதும் பிழை.

விடுபட்ட பாதி

எடைப் பிழையைவிடப் பெரிய சிக்கல் வேறிடத்தில் உள்ளது. நாடாவின் பல பதிப்புகள் மருந்தை மில்லிகிராமில் சொல்கின்றன. செவிலியரின் கையிலுள்ள சிரிஞ்சோ மில்லிலிட்டரில் அளக்கிறது. 16 கிலோ குழந்தைக்கு அட்ரினலின் 0.16 மில்லிகிராம் தேவை. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலை 10 மில்லிலிட்டராக நீர்த்தால் 1.6 மில்லிலிட்டர் செலுத்த வேண்டும். நீர்க்காமல் அதே 1.6 மில்லிலிட்டரைச் செலுத்தினால் மருந்து பத்து மடங்காகிவிடும். எடையில் 15 விழுக்காடு தவறினாலும் நேராத தீங்கு, நீர்ப்பதை மறந்தால் நேரும்.

அட்ரினலின் செறிவை 1:1000, 1:10,000 என்று விகிதத்தில் எழுதும் முறை இந்தக் குழப்பத்தை வளர்த்தது. அமெரிக்காவில் 2016இல் அம்மருந்தின் லேபிள்களிலிருந்து விகித முறை நீக்கப்பட்டது. எந்த மருத்துவமனையில் எந்த ஆம்பூல் வாங்கப்படும் என்பது நாடாவை அச்சிட்டவருக்குத் தெரியாது. ஆகவே பாதிக் கணக்கு செவிலியரிடமே மிஞ்சுகிறது. நாடா எல்லாவற்றையும் முடித்துவிட்டது என்ற எண்ணம் அந்தப் பாதியைக் கண்ணிலிருந்து மறைக்கிறது.

அச்சும் காலமும்

அச்சிட்ட எண் தானாக மாறாது. ரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லிலிட்டர் திரவத்தை வேகமாகச் செலுத்துவது நெடுங்காலம் கேள்விக்கு அப்பாற்பட்ட விதியாக இருந்தது. நாடாவிலும் அது இடம்பெற்றது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் நடந்து 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில், காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய குழந்தைகளுள் திரவத்தை வேகமாகப் பெற்றவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் ஏறத்தாழ 10.5 விழுக்காடு. அவ்வாறு பெறாதவர்களில் 7.3 விழுக்காடு. அந்த முடிவு எல்லா மருத்துவமனைகளுக்கும் அப்படியே பொருந்தாது. எனினும் எண் சரியாக இருந்தும் சிகிச்சை தவறாகலாம் என்பதற்கு இது சான்று. பழைய பதிப்பு டிராலியில் தொங்கும்வரை பழைய விதியும் அதனுடன் தொங்குகிறது.

வண்ணங்களிலும் ஒரு முரண் உண்டு. நோயாளிகளை வகைப்படுத்தும் முறையில் சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து. நாடாவில் சிவப்பு என்றால் 8 அல்லது 9 கிலோ. ஒரே அறையில் இரு பொருளில் ஒலிக்கும் சொல்லைப் புதிதாகச் சேர்ந்த செவிலியர் தவறாகக் கொள்ள வாய்ப்பிருக்கிறது.

மதிப்பீடு

இக்குறைகளால் பிரோஸ்லோ நாடா பயனற்றதாகிவிடவில்லை. மனக்கணக்கைவிட அது மேலானது. ஆனால் அது முடிவுற்ற குறிப்பன்று. தன் ஆம்பூல்களுக்கு ஏற்ப ஒவ்வொரு வண்ணத்துக்கும் மில்லிலிட்டர் அளவை எழுதிய அட்டையை ஒவ்வொரு பிரிவும் உடன் வைக்க வேண்டும்; ஒருவர் எடுத்த மருந்தை இன்னொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும்; பதிப்பின் ஆண்டையும் கவனிக்க வேண்டும். தாயோ தந்தையோ குழந்தையின் எடையை அண்மையில் பார்த்திருந்தால் அந்த எண்ணுக்கு நாடாவைவிட முன்னுரிமை உண்டு. இவை அனைத்தும் செவிலியரின் வேலை. நாடா அதற்கு நேரம் ஈட்டித் தருகிறது. அந்த நேரத்தைச் சரிபார்க்கச் செலவிடும் இடத்தில்தான் அது முழுப் பயன் தருகிறது.