வந்த முதலும் நின்ற தொழிலும்: அந்நிய முதலீடு பற்றிய ஒரு திறனாய்வு

அந்நிய நேரடி முதலீடு என்பது, பங்குச் சந்தையில் இன்று நுழைந்து நாளை வெளியேறும் பணத்தைப் போலன்றி, ஒரு நாட்டு நிறுவனம் மற்றொரு நாட்டில் ஆலையோ அலுவலகமோ அமைத்து, அதன் நிர்வாகத்தில் நிலையான பிடி வைத்துக்கொள்ளும் நோக்குடன் இடும் முதலாகும். 2024 செப்டம்பரில் தமிழக முதலமைச்சரின் அமெரிக்கப் பயணத்தின்போது, திருச்சிராப்பள்ளியில் 2,000 கோடி ரூபாயில் மின்னணுப் பொருள் ஆலை அமைத்து 5,000 பேருக்கு வேலை தருவதாக ஜாபில் நிறுவனம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்ததிலிருந்து, சென்னைப் புறநகருக்கே உரியதாகக் கருதப்பட்ட அந்நிய முதலீட்டு விவாதம் காவிரிக்கரைக்கும் வந்துவிட்டது.

உண்மையில் திருச்சிக்கு அயல்நாட்டு முதல் புதிதன்று. லண்டன் பங்குதாரர்களின் பணத்தில் நாகப்பட்டினத்திலிருந்து இடப்பட்ட இருப்புப் பாதை 1862இல் இந்நகரை எட்டியது. அப்பாதையை இட்ட நிறுவனம் 1874இல் தென்னிந்திய ரயில்வேயாக உருமாறி, 1920களின் பிற்பகுதியில் பொன்மலைப் பணிமனையையும் எழுப்பியது. ஆனால் தொடக்ககால முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியை அரசே உறுதி செய்திருந்தமையால், பாதை ஈட்டாத தொகையை இந்திய வரிப்பணம் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஊர் வளர்ந்தது என்பதும், இடரைச் சுமந்தவர் ஒருவர், இலாபம் கண்டவர் வேறொருவர் என்பதும் ஒருசேர உண்மை.

இன்றும் வளர்ச்சிக் கணக்கில் இந்த இரட்டைத் தன்மை மறைந்துவிடவில்லை. வந்த தொகை மட்டும் தலைப்புச் செய்தியாகிறது. பங்கு விற்பனை வழியாகத் திரும்பிச் சென்றதையும், இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் இட்டதையும் கழித்தபின் எஞ்சும் நிகர முதலீடு பேசப்படுவதில்லை. ரிசர்வ் வங்கி 2025 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, 2024-25 நிதியாண்டில் இந்தியாவுக்கு வந்த மொத்த முதலீடு 81 பில்லியன் டாலர். நிகரமோ அரை பில்லியனையும் எட்டவில்லை. 2024 அக்டோபரில் ஹூண்டாய் வெளியிட்ட ஏறத்தாழ 27,870 கோடி ரூபாய்ப் பங்கு விற்பனையில் புதுப் பங்கு ஒன்றுகூட இல்லாததால், அத்தொகை கொரியத் தாய் நிறுவனத்தையே சேர்ந்தது. இதைக் குற்றமென்று கூற முடியாது. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்து, சுற்றிலும் உதிரிபாக ஆலைகளை வளர்த்த நிறுவனம் தன் பலனை எடுத்துக்கொண்டது. ஆனால் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் கதவடைத்த நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலையைப் பார்க்கும்போது, எட்டாண்டு வேலைவாய்ப்பை நிலையான வளர்ச்சியென எண்ணிவிடலாகாது என்பது தெளிவாகிறது.

புத்தாக்கத்தைப் பொறுத்தவரை, அயல் நிறுவனத்தின் நுட்பமும் ஒழுங்குமுறையும் அதன் பணியாளர், வழங்குநர் வழியாக உள்ளூர்த் தொழில்களுக்குச் சென்று சேர்வதைப் பொருளியலார் பரவல் விளைவு என்பர். இதற்குத் திருச்சி தரும் சான்று சற்றே விந்தையானது. ஏனெனில் இங்கு நுட்பம் வெளியிலிருந்து வந்தது, உடைமை வரவில்லை. செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் திருவெறும்பூரில் அமைந்து 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் கொதிகலன் ஆலை அரசுடையது. அதன் நிழலில் 1975இல் ஐ.நா. உதவியோடு பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. துவாக்குடியைச் சுற்றியுள்ள பேப்ரிகேஷன் பட்டறைகளில் எஃகுக் குழாயை வளைத்து, பற்றவைத்து, அவ்விணைப்பை எக்ஸ்ரே படம் எடுத்துக் குறையில்லை என உறுதி செய்தபின்பே லாரியில் ஏற்றும் பழக்கம் அந்த ஆலை கற்பித்த ஒழுக்கம். உயரழுத்தக் கொதிகலனில் ஒரு மயிரிழை விரிசல்கூட விபத்தாகும் என்பதால், இங்குள்ள வெல்டரின் கைத்திறன் வெறும் கூலிவேலையாக நின்றுவிடவில்லை. ஆயினும் இப்பட்டறைகள் ஒரே வாங்குபவரை நம்பி நின்றன. 2010களில் அனல்மின் நிலையங்களுக்கான ஆணைகள் சுருங்கியபோது பல முடங்கின. உள்நாட்டு உடைமை தானாகவே காப்பாகிவிடாது என்பதற்கும் இதுவே சான்று. சில்லும் திரையும் இறக்குமதியாகி, இங்கே பூட்டி மட்டும் அனுப்பப்படும் மின்னணுத் தொழிலில் இத்தகைய பரவலை எதிர்பார்ப்பது இன்னும் கடினம்.

மாசு பற்றிய வாதம் இரு துருவங்களில் நிற்கிறது. கட்டுப்பாடு தளர்ந்த நாட்டைத் தேடி மாசுத் தொழில் இடம்பெயரும் என்பது மாசுப் புகலிடக் கருதுகோள்; அயல் நிறுவனம் தூய்மையான இயந்திரங்களைக் கொண்டுவரும் என்பது அதற்கு எதிர்வாதம். முதலாவதற்குக் கொடைக்கானலைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை 1980களின் தொடக்கத்தில் சோலைக்காட்டின் விளிம்பில் நிறுவப்பட்டு, 1987இல் இந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டதும் ஆலை மூடப்பட்டது; 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது; முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. எனினும் பாலாற்றைக் கெடுத்த வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகள் உள்ளூர் முதலில் இயங்கியவை. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் இந்திய மண்ணின் சட்டமாக ஏற்றதும் அவ்வாலைகள் தொடர்பான வழக்கிலேதான். ஆகவே கழிவைத் தீர்மானிப்பது முதலின் பிறப்பிடமன்று, கண்காணிப்பின் தரமே.

மின்னணு உற்பத்திக்கு ஒன்றிய அரசு 2020இல் அறிவித்த ஊக்கத்தொகை, கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 விழுக்காடு வரை. இருப்புப் பாதைக்குத் தந்த பழைய 5 விழுக்காட்டு உறுதியை இது நினைவூட்டினாலும், அது இட்ட முதலுக்கு, இது செய்த உற்பத்திக்கு என்பதால் ஒருபடி மேலானதே. ஆனால் பொதுப் பணமும் பொது நிலமும் கைமாறும் இடத்தில், உள்ளூர்க் கொள்முதலின் அளவு, பயிற்சிக் கடமை, நீர் எடுப்பு, கழிவு மேலாண்மை ஆகிய நிபந்தனைகள் மக்கள் கண்ணில் படாத கோப்புகளில் கிடப்பது ஏற்கத்தக்கதன்று. திருச்சிக்கு வரும் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும், அடிக்கல் நாட்டும் முன்பே, மாநில அரசு சட்டமன்றத்தில் வெளியிட வேண்டும்.