நீம் நகரச் சதுக்கம்: இரு காலங்களின் உரையாடலும் வெளியேற்றப்பட்ட மூன்றாம் காலமும்

பழங்கட்டடத்தின் அருகே எழும் புதுக்கட்டடம் அதனைப் பின்பற்ற வேண்டுமா, அதனோடு முரண்பட வேண்டுமா என்னும் வினாவோடு சதுக்க வடிவமைப்புப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பிரான்சின் நீம் நகரம் இவ்வினாவின் போதாமையைக் காட்டுகிறது. அங்கு, கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த உரோமானியக் கோயிலான மேசோன் கரேக்கு எதிரே, நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த ‘கரே தார்’ என்னும் கலைக்கூடமும் நூலகமும் 1993இல் திறக்கப்பட்டன. ஒன்பது தளங்களுள் ஏறத்தாழப் பாதி நிலத்தடியில் அமைந்தமையால், கட்டடம் அண்டை வீடுகளின் உயரத்தை விஞ்சவில்லை. கோயிலின் தூண்வரிசைக்கு மறுமொழியாக மெல்லிய உலோகத் தூண்கள் நிற்கின்றன. கோயிலைச் சூழ்ந்திருந்த வேலிகளும் விளம்பரப் பலகைகளும் நிறுத்தப்பட்ட ஊர்திகளும் அகற்றப்பட்டு, வெளி நடப்போர்க்கு உரியதாயிற்று. என் மதிப்பீட்டில், கட்டடத்தினும் இவ்வகற்றலே பெரிய வடிவமைப்புச் செயல்.

ஆனால் அகற்றப்பட்டவை இவை மட்டுமல்ல. அவ்விடத்து 19ஆம் நூற்றாண்டு நாடக அரங்கு 1952இல் தீக்கிரையானபின் அதன் முகப்புத் தூண்வரிசை எஞ்சியிருந்தது. அதுவும் மேசோன் கரேயை நோக்கி நின்றதே. கோயிலுக்கு மறுமொழி கூறும் முயற்சி ஃபாஸ்டரிடம் தொடங்கவில்லை. பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான உரையாடல் என இச்சதுக்கத்தைப் போற்றுவோர், இடைப்பட்ட அந்தக் குரலைக் கணக்கில் கொள்வதில்லை. கல்லின் வயது குறைவு என்பதன்றி அதன் வெளியேற்றத்துக்கு வடிவமைப்புசார்ந்த காரணம் எதனையும் அப்பாராட்டுரைகளிலிருந்து பெற இயலாது. பெயர்த்தெடுக்கப்பட்ட தூண்கள் இன்று நகருக்கு வெளியே, பெர்னார் லாசுஸ் வடிவமைத்த கெசார்க் நெடுஞ்சாலை ஓய்விடத்தில், எதிரே கோயிலின்றி நிற்கின்றன.