முதல் நாயகி மட்டுந்தானா?

1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரலிலே 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. அதுவரை ஊமையாயிருந்த திரை, அன்று தமிழ் பேசிற்று. உடன் நடித்தோரிற் பலர் தெலுங்கில் உரையாட, தமிழிலே பேசியும் பாடியும் அவையோரை மகிழ்வித்தவர் டி. பி. ராஜலட்சுமி. 'தமிழ்ப் பேசும் படத்தின் முதல் நாயகி' என்று அவருக்கு மாலை சூட்டி, அத்துடன் ஏட்டை மூடிவிடுகின்றனர் வரலாறு எழுதுவோர். நாம் மூடுவதற்கில்லை.

திருவையாற்றிலே 1911-இல் பிறந்தவர் அவர். பால்ய மணமெனும் கொடுமை அவரையும் விட்டுவைக்கவில்லை. பாவை ஏந்தவேண்டிய பருவத்திலே கழுத்திலே தாலி! அந்த வாழ்வு நிலைக்கவில்லை. வாழ்விழந்த பெண்ணுக்கு வைதிகம் ஒதுக்கிய இடம் வீட்டின் மூலை. அவர் தேடிக்கொண்ட இடமோ நாடக மேடை. ஆடவர் பெண்வேடம் பூண்டால் 'ஸ்திரீபார்ட்' என்று புகழ். பெண்ணே பெண்ணாக நடித்தால் இகழ்! இந்த நீதியை எந்த மனு எழுதினான் என்று நாம் கேட்கவேண்டாமா?

இனி, 'காளிதாஸ்' கதையைக் காண்போம். அமைச்சன் மகனை மணக்க மறுத்தாள் இளவரசி. பழிதீர்க்கப் புறப்பட்ட அமைச்சன், உட்கார்ந்த கிளையையே வெட்டும் அறிவிலி ஒருவனை அவள் தலையிலே கட்டிவிட்டான். ஏமாற்றப்பட்டவள் என்ன செய்தாள்? மணத்தை முறித்தாளா? இல்லை, காளியிடம் மன்றாடினாள். காளி தோன்றினாள், கல்லாதவன் கணப்பொழுதிலே கவிஞனானான்! பள்ளி வேண்டாம், பயிற்சி வேண்டாம். அருள் ஒன்றே போதும் என்பதுதானே இதன் பாடம்? மணவாழ்வை முறித்துக்கொள்ளும் உரிமை பெண்ணுக்கு வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு முழங்கிற்று. ஈராண்டு கழித்து வந்த படமோ, பெண்ணைக் காளியின் காலடியிலே மண்டியிட வைத்தது.

அந்தக் கதையை ஆக்கியவர் ராஜலட்சுமி அல்லர். அவரே ஆக்கிய படம் 1936-இல் வந்த 'மிஸ் கமலா'. தாம் எழுதிய நாவலையே கதையாக்கி, இயக்கி, தயாரித்து, நடித்தும் காட்டினார். தென்னாட்டிலே படம் இயக்கிய முதல் பெண் அவரே. காளியின் கதையல்ல, வள்ளியின் கதையல்ல. விரும்பாத மணத்திலே சிக்கும் ஒரு பெண்ணின் கதை! தாலியின் கொடுமையைப் பிஞ்சுப் பருவத்திலேயே அறிந்தவர் கையிலே எழுதுகோல் கிடைத்தபோது, எதை எழுதினார் என்பதை நோக்குக.

அவர் நம் இயக்கத்தவரல்லர். 'காளிதாஸ்' படத்திலேயே காங்கிரசின் இராட்டைப் பாட்டைப் பாடியவர். புராணப் படங்களிலும் நடித்தவர். மறைக்கவில்லை நாம். ஆயினும், பாத்திரத்தைப் பிறர் வகுத்தபோது பக்தையாக நின்றவர், தாமே வகுத்தபோது பெண்ணின் துயரைப் பேசினார். இந்த வேறுபாட்டைக் காணத் தவறினால், நமது பகுத்தறிவுக்குத்தான் இழுக்கு.

1964-இல் அவர் மறைந்தார். முகத்தை நினைவில் வைத்த நாடு, மூளையை மறந்தது. நடிகை என்றால் அழகு, ஆடவர் என்றால் ஆற்றல் என்று பிரித்தெழுதும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. இளைஞர்களே! இனி அவர் பெயரை எழுதும்போது, 'நாயகி' என்பதற்கு முன்னே 'இயக்குநர்' என்று எழுதுங்கள். அது அவருக்கு நாம் தரும் பரிசன்று. காலங்கடந்து செலுத்தும் கடன்.