ஆறு சட்டமன்றத் தொகுதி, நாலு எம்.பி.

2008-இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பு ஆணையைத் திட்டுகிறவர்கள் புதுக்கோட்டையில் நிறைய பேர். அதை உட்கார்ந்து வாசித்தவர்கள் குறைவு. பட்டியல்தானே, அதுல வாசிக்க என்ன இருக்கு என்று தோன்றும். ஆனால் இந்த மாவட்டத்தைப் பற்றி அரசு எழுதிய பிரதிகளில் இதைவிட அதிகம் விளைவு உண்டாக்கியது வேறில்லை என்பதால், ஒரு நூலை விமர்சிப்பது போலவே இதையும் விமர்சிக்கலாம்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 மக்களவைத் தொகுதி. வகுத்தால் சரியாக ஆறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதும் ஆறு: கந்தர்வக்கோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. 2001 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 14,59,601. மாநில சராசரி ஒரு மக்களவைத் தொகுதிக்கு சுமார் 16 லட்சம். வித்தியாசம் 9 சதவீதம்கூட இல்லை. கையில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிற மாவட்டம்.

அதைத்தான் நாலாகக் கிழித்தார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. புதுக்கோட்டை என்ற பெயரில் இருந்த மக்களவைத் தொகுதியே காணாமல் போனது.

ஏன் என்று ஆணையில் காரணம் தேடுவதைவிட எண்ணிப் பார்ப்பது பயன் தரும். சிவகங்கை மாவட்டத்துக்குள் நாலு சட்டமன்றத் தொகுதிதான், ராமநாதபுரத்திலும் நாலு, கரூரிலும் நாலு. எல்லாருக்கும் ஆறு வேண்டும். எங்களுக்கு இது பழகின சிக்கல்: பெட்டிகளில் பொருளை அடுக்கும்போது சரியாக நிரம்பிய பெட்டியைப் பிரித்து, குறைந்த பெட்டிகளை நிரப்புவது. 2001-இல் கரூர் மாவட்டம் 9.36 லட்சம், சிவகங்கை 11.55 லட்சம், ராமநாதபுரம் 11.88 லட்சம். மூன்றுமே புதுக்கோட்டையைவிடச் சின்னவை. சின்னவங்க பெயர் நின்றது, பெரியவர் பெயர் போனது. (பெரம்பலூர் தொகுதியைப் பாருங்கள், அந்த மாவட்டத்திலிருந்து அதில் இருப்பது ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதி. பெயர் மட்டும் பத்திரம்.) புதுக்கோட்டையை அப்படியே விட்டிருந்தால் சிவகங்கைக்கான இரண்டை மதுரை, விருதுநகர் பக்கம்தான் தேடியிருக்க வேண்டும். வலி இடம் மாறியிருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

2002-ஆம் ஆண்டு மறுசீரமைப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு கேட்பது: கச்சிதமான நிலப்பரப்பு, இயற்கை அமைப்பு, இருக்கிற நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி. ஒரே தொழில், ஒரே பிரச்சினை உள்ளவர்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அதில் இல்லை. பிரிட்டனில் எல்லை ஆணையங்கள் உள்ளூர்ப் பிணைப்புகளைக் கருதலாம். கலிஃபோர்னியாவில் பொது நலன் கொண்ட சமூகங்களைப் பிரிக்காதே என்பது விதியாகவே இருக்கிறது.

அந்த அளவுகோலை வைத்தால் "நாலாக உடைச்சுட்டாங்க" என்ற நம்மூர்ப் புலம்பலும் முழுதாகத் தேறாது. 1948 மார்ச் 3-இல் இணைந்த தொண்டைமான் சமஸ்தானத்தில் அறந்தாங்கி இல்லை. அது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, 1974 ஜனவரி 14-இல் புது மாவட்டம் உருவானபோது வந்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுக்காரர்களின் தலைவலி இலங்கைக் கடற்படை. ராமேஸ்வரத்துக்கும் அதேதான். இருவருக்கும் ஒரே எம்.பி. என்பது நியாயமான ஏற்பாடு, தற்செயலாக அமைந்தாலும். திருமயமும் அப்படியே. பொன்னமராவதி, ராயவரம் பக்கம் செட்டிநாடு, அது மாவட்டக் கோட்டைப் பார்த்து நிற்கிறதில்லை.

ஆலங்குடிக்குத்தான் எந்த நியாயமும் கிடைக்கவில்லை. 2017-இல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் போராட்டம், 2018 நவம்பரில் கஜா. இரண்டிலும் அந்தப் பக்கத்து ஜனங்களின் கூட்டாளி பேராவூரணியும் பட்டுக்கோட்டையும், அதாவது தஞ்சை மக்களவைத் தொகுதி. சிவகங்கை அல்ல. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது, புதுக்கோட்டையின் 13 ஒன்றியங்களில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்தை மட்டும் டெல்டாவோடு சேர்த்தார்கள். மாவட்ட எல்லையை விட்டுவிட்டு ஒன்றிய அளவில் கோடு போட முடியும் என்று அதே மாநிலத்தில் ஒரு சட்டம் காட்டியிருக்கிறது. விராலிமலை கதை இன்னும் மோசம். அவங்களுக்கு நகரம் என்றால் திருச்சி, கலெக்டர் ஆபீஸ் என்றால் புதுக்கோட்டை, எம்.பி. மட்டும் கரூர்.

பணத்தில் நட்டமில்லை. ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி, சமமாகப் பங்கிட்டால் ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து அதே 5 கோடி வரும். நட்டம் வேறு இடத்தில். கரூர் வேட்பாளருக்கு விராலிமலை ஆறில் ஒன்று. அதை இழந்தாலும் ஜெயிக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தை இழந்தால் தோற்றுவிடுவேன் என்று பயப்பட வேண்டிய எம்.பி. ஒருவர்கூட இல்லை.

2026-க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரைதான் மாநிலங்களின் இடங்களுக்கான உறைநிலை. இப்போது எல்லாரும் 39 என்னாகும் என்றுதான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் உள்ளே கோடு எங்கே விழும் என்பதற்கும் வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். மனு எழுதுகிறவர்கள் விராலிமலையையும் ஆலங்குடியையும் முதலில் வைக்கட்டும். அறந்தாங்கியைத் திருப்பிக் கேட்பதற்கு முன்னால் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாம்.