கேட்போரும் பயனும்: 'அப்ளைட் கிரிப்டோகிராஃபி' நூலின் மதிப்புரைகளில் எழுந்த வழக்கு

முன்னுரை

நூலொன்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது என்பது மதிப்புரையாளர் வழங்கும் பாராட்டுகளுள் தலையாயது. அத்தெளிவையே பின்வந்தோர் அந்நூலின் குற்றமாகச் சுட்டுவராயின், முன்னவர் மதிப்பீடு பிழைபட்டதா, பின்னவர் வேறொரு நூலைப் படித்தனரா என்னும் வினா எழுகின்றது. கணினிப் பாதுகாப்புத் துறையில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய நூல், புரூஸ் ஷ்னையர் எழுதிய 'அப்ளைட் கிரிப்டோகிராஃபி'. 1994 இல் முதற்பதிப்பும் 1996 இல் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பும் ஜான் வைலி நிறுவன வெளியீடாக வந்தன. குறியாக்கவியலை நிரலாளர் பலருக்கு முதன்முதலில் அறிமுகப்படுத்திய நூல் இதுவே. பத்தாண்டு கழியும் முன்னரே, தீங்கு செய்த நூல் என்னும் பழியும் இதன்மீது வந்தது. அப்பழியை வலுவாக எடுத்துரைத்தவருள் நூலாசிரியரும் ஒருவர் என்பதே இவ்வழக்கை ஏனைய மதிப்புரைப் பூசல்களினின்று வேறுபடுத்துகின்றது.

நூலை மதிப்பிடுதற்குரிய உறுப்புகளைப் பவணந்தியார் நன்னூற் பாயிரத்துள் தொகுத்துரைப்பர். நூற்பெயர், நுதலிய பொருள் ஆகியவற்றுடன் கேட்போர், பயன் என்பனவும் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணமாக அங்கு வைக்கப்படுகின்றன. காலம், களம், காரணம் ஆகியவற்றைச் சேர்த்துரைப்போரும் உளர் என அந்நூல் குறிக்கின்றது. ஷ்னையரின் நூல் பற்றிய பூசலைப் பொருள் பற்றியதாகக் கொண்டால் அது தீராது. கேட்போர், பயன், காலம் ஆகிய மூன்றன் மீதான பூசலாகக் கொண்டால் விளங்கும்.

நூல் தோன்றிய களம்

1990களின் தொடக்கத்தில் குறியாக்கவியல் கற்க விழைந்த ஒரு நிரலாளர்க்குக் கிடைத்தவை மிகச் சில. டேவிட் கான் 1967 இல் வெளியிட்ட 'தி கோட்பிரேக்கர்ஸ்' வரலாற்று நூல், படிமுறை கற்பிப்பதன்று. 1976 இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுத் திறவுகோல் முறையை வெளியிட்ட பின்னர்ப் பெருகிய ஆய்வுகள் கருத்தரங்கத் தொகுதிகளுள் கணிதவியலார்க்கென்றே எழுதப்பட்டுக் கிடந்தன. அரசின் உளவுத்துறைகள் அறிந்தவை வெளிவருவதில்லை. இச்சூழலில் நெறிமுறைகள், படிமுறைகள், சி மொழியிலமைந்த மூலநிரல் ஆகிய மூன்றையும் ஒரே அட்டைக்குள் கொணர்ந்தார் ஷ்னையர். இரண்டாம் பதிப்பின் துணைநூற்பட்டியல் மட்டும் 1,600க்கு மேற்பட்ட உள்ளீடுகளைக் கொண்டது. தொகுத்தல் என்னும் அளவில் இதற்கு நிகரான உழைப்பு அக்காலத்தில் வேறில்லை.

இரண்டாம் பதிப்பிற்கு அணிந்துரை அளித்தவர் டிஃபி. ஆசிரியன் தன் நூலுக்குத் தானே பாயிரம் செய்தல் தற்புகழ்ச்சியாகும் எனக் கருதிய மரபு, அதனைச் செய்தற்குரியாருள் தகுதியுடைய பிறரையும் வைத்தது. அவ்வகையில் இவ்வணிந்துரை மரபிற்கு ஒத்ததே. ஆனால் நூலின் புகழை நிலைநாட்டியது டிஃபியின் உரையன்று. தேசியப் பாதுகாப்பு முகமை வெளிவரவே கூடாதென விரும்பிய நூல் இது என்னும் பொருள்பட 'வயர்டு' இதழ் எழுதிய ஒற்றைத் தொடரே. அட்டையில் ஏறிய அத்தொடர் நூலின் தகுதியை உரைக்கவில்லை. அதன் பகைவரைச் சுட்டியது. அரசு அஞ்சும் நூல் என்றவுடன், அதிலுள்ளதைப் பின்பற்றினால் அரசும் உடைக்கமாட்டாது என்னும் நம்பிக்கை வாசகரிடம் தானே பிறந்தது. நூலின் முகவுரையும் அந்நம்பிக்கைக்கு இடமளித்தது. வீட்டிலுள்ள தங்கையிடமிருந்து கோப்பைக் காப்பது ஒருவகை, பேரரசுகளிடமிருந்து காப்பது மற்றொருவகை எனப் பிரித்து, இந்நூல் பிந்தையது பற்றியது என ஆசிரியர் அங்குக் கூறுகின்றார். பயன் என்னும் பாயிர உறுப்பு அங்கேயே அளவு மீறிவிட்டது.

ஒரே எழுத்து, இரு தீர்ப்பு

இந்நூலைப் படித்த முதல் அதிகாரபூர்வ வாசகர் அமெரிக்க வெளியுறவுத்துறை எனலாம். குறியாக்க மென்பொருள் அன்று போர்க்கருவிப் பட்டியலில் இருந்தது. பிலிப் கார்ன் என்னும் பொறியாளர், இந்நூலை ஏற்றுமதி செய்யத் தடையுண்டா என 1994 பிப்ரவரியில் விண்ணப்பித்தார். அச்சு நூல் பொதுவெளிக்குரியது, தடையில்லை என மார்ச்சு மாதத்தில் விடை வந்தது. பின்னர் அந்நூலின் இறுதிப்பகுதியில் அச்சிடப்பட்டிருந்த அதே மூலநிரலை ஒரு நெகிழ்வட்டில் இட்டு மீண்டும் விண்ணப்பித்தார். அவ்வட்டு போர்க்கருவி என மே மாதத்தில் முடிவு கூறப்பட்டது. எழுத்துகள் அவையே, ஏந்திய பொருள் மட்டும் வேறு. 1996 மார்ச்சில் மாவட்ட நீதிமன்றம் கார்னின் வழக்கைத் தள்ளியது. அடுத்த மாதமே, பெர்ன்ஸ்டைன் வழக்கில் கலிபோர்னியாவின் நீதிபதி மூலநிரலும் பேச்சே எனக் கொண்டார்.

இந்நிகழ்வு பொதுவாகக் கருத்துரிமை வரலாற்றின் பகுதியாகவே சொல்லப்படுகின்றது. திறனாய்வு நோக்கில் இதற்கு வேறொரு முதன்மை உண்டு. நூல் என்பது படித்தறியும் பொருளா, இயக்கிப் பயன்கொள்ளும் கருவியா என்னும் வினாவை வெளியுறவுத்துறை தன்னையறியாமலே எழுப்பிவிட்டது. அதன் விடை நகைப்பிற்குரியதாகத் தோன்றினும் ஓருண்மையைத் தொட்டது. நூலின் பிற்பகுதியை வாசகர் படிக்கவில்லை, தட்டச்சு செய்தனர். பின்னாளில் எழுந்த குற்றச்சாட்டு முழுவதும் இந்தத் தட்டச்சு செய்த வாசகரைப் பற்றியதே. தொடக்ககால மதிப்புரையாளரோ படிக்கும் வாசகரையே மனத்திற்கொண்டு எழுதினர்.

குற்றச்சாட்டின் வடிவம்

நூலுக்கு எதிராகச் சொல்லப்படுவது இது: வலிமையான படிமுறையை நூலிலிருந்து எடுத்துத் தம் மென்பொருளில் பொருத்திய நிரலாளர், பாதுகாப்புக் கிட்டிவிட்டது எனக் கருதினர். படிமுறையைச் சூழ்ந்த யாவும் பிழையாயின. ஒரே தரவுத்துண்டு ஒரே மறைவுருவைத் தரும் எளிய முறையில் குறியாக்கம் செய்தனர். மறைவுரையை இடையிலொருவர் மாற்றினால் அறிவதற்கு வழி செய்யவில்லை. திறவுகோலை ஊகிக்கத்தக்க எண்களிலிருந்து ஆக்கினர்.

இவற்றுள் இறுதியிற் கூறியதற்கு 1995 இல் தெளிவான சான்று கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பெர்க்லி ஆராய்ச்சி மாணவர்களான இயன் கோல்ட்பெர்கும் டேவிட் வாக்னரும் நெட்ஸ்கேப் உலாவியின் பாதுகாப்பு இணைப்பை ஆராய்ந்தனர். திறவுகோல் ஆக்கத்திற்குரிய வித்தெண், அந்நேரத்தின் மணித்துளிக் கணக்கு, இயக்கச் செயலின் எண், அதன் தாய்ச்செயலின் எண் ஆகியவற்றால் மட்டுமே ஆனது எனக் கண்டனர். 128 இருமத் திறவுகோலை முயன்று உடைப்பது எவர்க்கும் இயலாது. நேரத்தையும் இரு சிற்றெண்களையும் ஊகிப்பது எளிது. கோட்டைக் கதவு இரும்பு, சாவி வைத்த இடமோ வாசற்படி என்பது போன்ற நிலை. நெட்ஸ்கேப் நிரலாளர் ஷ்னையரின் நூலைப் பின்பற்றினர் என்பதற்குச் சான்றில்லை. அவ்வாறு கூறுவது இங்கு நோக்கமுமன்று. பாதுகாப்பு எங்கே உடைகின்றது என்பதற்கு மட்டும் இது எடுத்துக்காட்டு.

எக்குற்றம்?

இக்குற்றச்சாட்டை நூலுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு முரண் தென்படுகின்றது. இரண்டாம் பதிப்பில் திறவுகோல் மேலாண்மைக்கெனத் தனி இயல் உள்ளது. பலவீனமான திறவுகோல் தேர்வு அங்கு விளக்கப்படுகின்றது. குறியாக்க முறைகளுக்கும் தனி இயல் உண்டு. எளிய முறையில் மறைவுரைத் துண்டுகளை எதிரி இடம்மாற்றி ஏமாற்றக்கூடும் என்பதும் அங்குச் சொல்லப்படுகின்றது. ஆகவே 'நூல் கூறவில்லை' என்போர் அவ்வியல்களைக் கடந்து மூலநிரலுக்குச் சென்றவரே. தாம் குறைகூறும் வாசகரைப் போலவே அவரும் படித்துள்ளனர். நன்னூல் கூறும் பத்துக்குற்றங்களுள் குன்றக் கூறல் இந்நூலுக்குப் பொருந்தாது.

வேறு சில குறைகள் காலத்தால் நேர்ந்தவை. பிளைசென்பாகர் தாக்குதல் 1998 இல் வெளிவந்தது. நிரப்பெண் கசிவைக் கொண்டு மறைவுரையை உடைக்கும் வழியை வோதனே 2002 இல் காட்டினார். குறியாக்கத்தையும் மெய்ப்பித்தலையும் எவ்வரிசையில் இணைப்பது என்னும் ஆய்வு 2000 அளவிலேயே துறையில் உருப்பெற்றது. 1996 ஆம் ஆண்டு நூலை இவற்றைக் கூறாமைக்காகக் கடிவது நேர்மையாகாது. ஆயினும் பல மதிப்புரைகள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

எனின், நூல் குற்றமற்றதா? அன்று. அதன் குற்றம் மயங்க வைத்தல் என்பதற்கு அருகில் நிற்கின்றது. தொடர்கள் மயங்கவில்லை, தொடர்தோறும் தெளிவே உண்டு. மயக்கம் வைப்புமுறையில் உள்ளது. நன்கு ஆராயப்பட்ட படிமுறையும், எவரும் பயன்படுத்தாத படிமுறையும், உடைபட்ட படிமுறையும் அடுத்தடுத்து ஒரே நடையில், ஏறத்தாழ ஒரே வகை விளக்கத்துடன் அமைகின்றன. ஒவ்வொன்றின் இறுதியிலும் ஆசிரியர் தம் மதிப்பீட்டைச் சொல்லுகின்றார் என்பது உண்மை. ஆனால் நூலின் உடலமைப்பு வேறொன்றைச் சொல்லுகின்றது. இறுதியில் அச்சிட முழுநிரலாகத் தெரிவு செய்யப்பட்டவை படிமுறைகள். திறவுகோலை எங்ஙனம் ஆக்குவது, எங்கு வைப்பது, எப்போது அழிப்பது என்பன உரைநடையில் நின்றுவிட்டன. பொருளுள் எது முதன்மை, எது துணை என்பதை வாசகர் அச்சின் அமைப்பிலிருந்தே அறிகின்றனர். தமிழில் உரையாசிரியர் சிறுபான்மை, பெரும்பான்மை எனப் பிரித்துக் காட்டிச் செல்வதன் அருமை இத்தகைய நூலைப் படிக்கும்போது விளங்கும்.

கலைக்களஞ்சியத்திற்கும் கைந்நூலுக்கும் இடையே இந்நூல் நின்றது. இரண்டாம் பதிப்பு வந்த அதே 1996 இல் மெனசிஸ், வான் ஊர்ஷாட், வான்ஸ்டோன் ஆகிய மூவர் 'ஹேண்ட்புக் ஆஃப் அப்ளைட் கிரிப்டோகிராஃபி'யை வெளியிட்டனர். கணிதம் அறியாதார் அதன் முதல் இயல்களிலேயே தடைப்படுவர்; ஆகவே அதனைத் தவறாகப் பயன்படுத்தியோர் பற்றிய முறையீடு மிகுதியாக எழவில்லை. கடினமான நூல் தன் கேட்போரைத் தானே தேர்ந்துகொண்டது. ஷ்னையரின் நூல் எவரையும் வாயிலில் நிறுத்தவில்லை. இதனைக் கொண்டு எளிமையைக் குற்றம் என முடிப்பது தவறு. கேட்போரை விரித்த ஆசிரியர் பயனைச் சுருக்கிச் சொல்லியிருத்தல் வேண்டும் என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

ஆசிரியரே சான்றாகும்போது

2000 இல் வெளிவந்த 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' முகவுரையில், முந்தைய நூல் கணிதத்தாலான ஓர் இலட்சிய உலகை வரைந்தது என்றும், வாசகர் குறியாக்கத்தை மந்திரப்பொடியெனக் கருதிவிட்டனர் என்றும் ஷ்னையர் எழுதினார். தாம் ஆராய்ந்த அமைப்புகளின் பலவீனம் கணிதத்தில் இல்லை. வன்பொருளிலும் மென்பொருளிலும் வலையமைப்பிலும் மனிதரிடத்தும் இருந்தது என்பது அவர் கூற்றின் சாரம். 2003 இல் நீல்ஸ் ஃபெர்குசனுடன் இணைந்து எழுதிய 'பிராக்டிகல் கிரிப்டோகிராஃபி'யின் முகவுரை இன்னும் கடுமையானது.

இம்முகவுரைகள் வந்தபின் வழக்கு முடிந்ததாகவே பலர் கொண்டனர். ஆசிரியரே ஒப்புக்கொண்டார், இனி வாதமேது என்பது அவர் நிலை. இலக்கியத் திறனாய்வு பயின்றோர்க்கு இது ஏற்புடையதன்று. வெளிவந்த நூலுக்கு ஆசிரியரும் ஒரு வாசகரே. மேலும், அவ்வொப்புதல் அமைந்த இடம் கருதத்தக்கது. அது புதிய நூலின் வாயிலில் நிற்கின்றது. பழைய நூலின் குறை புதிய நூலின் தேவையாக மாறுகின்றது. தடுப்பு மட்டும் போதாது, கண்டறிதலும் எதிர்வினையும் வேண்டும் என்னும் புதிய நூலின் முடிவும் ஆசிரியர் 1999 இல் நிறுவிய கண்காணிப்பு நிறுவனத்தின் தொழிலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இத்தொடர்பை அந்நூலின் பின்னுரையில் அவர் மறைக்கவில்லை. முடிவு சரியானதாக இருக்கலாம், பெரும்பாலும் சரியானதே. ஆயினும் தன்னைப் புகழ்தல் போலவே தன்னைப் பழித்தலும் பாயிரத்தின் தொழிலைச் செய்யவல்லது என்பதை மதிப்புரையாளர் கவனித்திருத்தல் வேண்டும்.

ஆசிரியரின் ஒப்புதல் உண்மையில் மெய்ப்பிப்பது ஒன்றே: தம் வாசகர் யார் என்பதை அவர் நூல் வெளிவந்த பின்னரே அறிந்தார்.

காலம் என்னும் உறுப்பு

பாதுகாப்பு நூல்கள் ஏனைய தொழில்நுட்ப நூல்களைப்போல் மெல்லப் பழையனவாவதில்லை. ஒரே நாளில் சில பக்கங்கள் பொய்த்துவிடும். 56 இருமத் திறவுகோல் கொண்ட டி.இ.எஸ். முறையை 1998 சூலையில் ஒரு தனிப்பொறி 56 மணி நேரத்தில் உடைத்தது. எம்.டி.5 இன் மோதல்களைச் சீன ஆய்வாளர் 2004 இல் காட்டினர். இரண்டும் இந்நூலில் விளக்கப்பட்டவை. ஆகவே இத்துறையின் மதிப்புரை, நூல் நன்றா தீதா என்பதோடு நில்லாமல், எவ்வாண்டு வாசகர்க்கு எவ்வியல் இன்னும் நின்று பயன்தரும் என உரைத்தல் வேண்டும். ராஸ் ஆண்டர்சனின் 'செக்யூரிட்டி எஞ்சினியரிங்' 2001 இல் வெளிவந்து, 2008, 2020 என இருமுறை திருத்தி எழுதப்பட்டது. அதன் மதிப்புரையாளர்க்கு இச்சுமை குறைவு.

'அப்ளைட் கிரிப்டோகிராஃபி'யோ 2015 இல் இருபதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பாக, புதிய அறிமுகவுரையுடன், உள்ளடக்கம் திருத்தப்படாமல் மீண்டும் வந்தது. வரலாற்று ஆவணமாக அது போற்றத்தக்கது. ஆனால் ஷ்னையர் தாமே 1993 இல் வடிவமைத்த புளோஃபிஷ் படிமுறையின் மூலநிரல் அதில் உள்ளது. மறுபதிப்பின் அடுத்த ஆண்டே, பிரான்சின் இன்ரியா ஆய்வாளர் இருவர் 64 இருமத் துண்டுகளைக் கையாளும் படிமுறைகள் மீதான தாக்குதலை வெளியிட்டனர். அதில் புளோஃபிஷும் அடங்கியது. நூலகப் பட்டியலில் இப்பதிப்பின் ஆண்டு 2015 என்றே பதிவாகும். அட்டவணையில் ஆண்டை மட்டும் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்க்கு, 1996 ஆம் ஆண்டின் நூல் இது எனச் சொல்வது அறிமுகவுரையும் மதிப்புரையும் மட்டுமே.