மேல்பூச்சின் கணக்கு

புதிய ஸ்போர்ட்ஸ் காரைத் துப்புரவாக வைத்திருப்பது பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை பளபளப்பையே அளவுகோலாகக் கொள்கின்றன. அந்த அளவுகோலை ஏற்க முடியவில்லை. ஒரே பிற்பகலில் எந்தக் காரையும் மின்னவைக்கலாம். அந்த மின்னலுக்காக எவ்வளவு பெயிண்ட் செலவானது என்று கேட்டால்தான் ஒரு முறையின் தரம் தெரியும்.

சோதனைப் பொருளாக மாஸ்டா எம்எக்ஸ்-5 நான்காம் தலைமுறையை எடுத்துக்கொள்கிறேன். சிவப்பு நிறத்தில், இங்கிலாந்தில் ஓடுவதை. 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது காரைக் கண்ட வரிசை இது. விலை உயர்ந்த இத்தாலியக் கார்களைக் கழுவ உரிமையாளர்கள் ஆள் வைத்துக்கொள்கிறார்கள். எம்எக்ஸ்-5 வாங்குபவர் பெரும்பாலும் தாமே வாளியைத் தூக்குகிறார். ஆகவே கழுவும் முறையின் நிறை குறை இரண்டும் இந்தக் காரில் மறைவின்றித் தெரியும்.

மாஸ்டா ‘சோல் ரெட் கிரிஸ்டல்’ என்றழைக்கும் அந்தச் சிவப்பு மூன்று அடுக்குகளால் ஆனது. அடியில் அலுமினியச் செதில்கள் கலந்த பிரதிபலிக்கும் அடுக்கு, நடுவில் ஒளி ஊடுருவும் சிவப்பு, மேலே நிறமற்ற கிளியர் கோட். உள்ளே போன ஒளி செதில்களில் பட்டுச் சிவப்பு வழியாகவே திரும்புவதால் நிறத்துக்கு ஆழம் வருகிறது. தொழிற்சாலைப் பெயிண்டில் இது பெரிய சாதனை. ஆனால் இந்த ஆழம் முழுவதும் மேலடுக்கின் தெளிவை நம்பி நிற்கிறது. சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் விழுந்தால் ஒளி சிதறி, சிவப்பு தட்டையாகிவிடும். ஒரு பகுதியை மட்டும் மறுபூச்சு செய்தால் அக்கம்பக்கத்தோடு நிறத்தைப் பொருத்துவதும் கடினம்.

அந்த மேலடுக்கு எவ்வளவு தடிமன்? தொழிற்சாலைப் பூச்சு அனைத்தையும் சேர்த்தால் பொதுவாக 100 மைக்ரானையொட்டி வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரான் அளவு. தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் இருப்பதும் இதில்தான். பாலிஷ் இயந்திரம் கீறலை ‘நீக்குகிறது’ என்கிறோமே, உண்மையில் அது கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து எடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஓரிரு மைக்ரான், சில வேளை அதற்கும் மேல். திரும்ப நிரப்ப வழியில்லாத இருப்பு அது. எனவே பாலிஷின் தேவையையே குறைக்கும் முறைதான் நல்ல முறை. கீழே வரும் தீர்ப்புகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

முதல் சேதம் பெரும்பாலும் விற்பனைக் கூடத்திலேயே நிகழ்கிறது. ஒப்படைப்புக்கு முன் அவசர அவசரமாகக் கழுவும் கையில், பல கார்களைத் தேய்த்த பஞ்சு இருக்கக்கூடும். கழுவாமல் கொடுங்கள் என்று வாங்குபவர் முன்கூட்டியே எழுத்தில் கேட்பது முழு நியாயம். இந்த ஒரு கோரிக்கை, பின்னால் வாங்கும் பல புட்டிகளைவிட அதிகம் காக்கும்.

அடுத்து இரண்டு வாளி முறை. ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றொன்றில் கழுவும் கையுறையை அலச வெறும் நீர். இதன் தர்க்கம் செம்மையானது: எடுத்த மண் மீண்டும் பெயிண்டுக்குத் திரும்பக்கூடாது. ஆயினும் இதன் ஆதரவாளர்கள் அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். ஆபத்து இரண்டாம் வாளியைவிட முதல் தொடுதலில் அதிகம். கை படுவதற்கு முன்னரே தளர்ந்த மண்ணில் பெரும்பகுதி நீரோடு போயிருக்க வேண்டும். முன்னலசலும் சில நிமிடம் ஊறும் நுரையும் அந்த வேலையைச் செய்கின்றன. நுரைக்கும் எல்லை உண்டு. சாலையின் எண்ணெய்ப் படிவை அது மட்டும் எடுக்காது. நுரை கையுறைக்கு மாற்று என்று விற்பவர்களும், நுரை வெறும் காட்சி என்று ஒதுக்குபவர்களும் அதன் இடத்தைத் தவறாகவே கணிக்கிறார்கள்.

உலர்த்துவதில்தான் கவனமாகக் கழுவுபவர்களும் தவறுகிறார்கள். தென்கிழக்கு இங்கிலாந்தின் குழாய்நீர் சுண்ணப்பாறையிலிருந்து வருவதால் கடினமானது. தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு படியும். துணியால் துடைத்தால் அதுவும் ஒரு தொடுதல். உப்பு நீக்கிய நீரால் கடைசி அலசல் செய்வது இந்த முரணைத் தீர்க்கும் ஒரே நேர்த்தியான வழி. நீரின் உப்பை ஈர்க்கும் வடிகட்டிப் பிசினை அவ்வப்போது மாற்றும் செலவு இருந்தாலும், மெழுகுக்கும் பூச்சுக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதி இங்கே போவது நல்லது.

கார்நௌபா மெழுகு பிரேசிலின் ஒரு பனை வகையிலிருந்து கிடைக்கிறது. சில வாரங்களில் கரைந்துபோகும். அதைத் தாண்டி எதையும் அது வாக்களிப்பதில்லை. செராமிக் பூச்சின் கதை வேறு. அதன் நிறைகளை முதலில் சொல்வது நியாயம்: பெயிண்டோடு பிணைகிறது, மாதங்கள், சில வேளை ஆண்டுகள் நிலைக்கிறது, அழுக்கு ஒட்டுவதைக் குறைத்துக் கழுவுவதை எளிதாக்குகிறது. தொடுதலைக் குறைக்கும் எதுவும் என் அளவுகோலில் மதிப்பெண் பெறும். ஆனால் ‘9எச் கடினம்’ என்ற விளம்பரம் வாசகரின் அறியாமையை நம்பி எழுதப்படுகிறது. அது பென்சில் முனையால் உரசிப் பார்க்கும் சோதனையின் குறியீடு. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவோடு அதற்குத் தொடர்பில்லை. தெருமண்ணில் உள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. ஓரிரு மைக்ரானைத் தாண்டாத ஒரு படலம் அதை எதிர்த்து நிற்காது. நீர் முத்து முத்தாகத் திரள்வதைப் பாதுகாப்பின் சான்றாகக் காட்டுவதும் பிழை. கடின நீர் முத்துகளாக நின்று காய்ந்தால் சுண்ணம் புள்ளி புள்ளியாகச் செறிகிறது. வழிந்தோடும் மேற்பரப்பே மேல்.

பாலியூரித்தேன் பாதுகாப்புப் படலம் இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. ஹெலிகாப்டர் சுழலிகளின் விளிம்பைக் காக்க உருவான நாடாவின் வழிவந்தது. 150 முதல் 200 மைக்ரான் தடிமன், அதாவது மொத்தப் பெயிண்டைவிட அதிகம். கல்லடியைத் தாங்கும் தடிமன் இந்த மூன்றில் இதற்கு மட்டுமே உண்டு. தாழ்ந்த மூக்குடைய எம்எக்ஸ்-5க்கு நெடுஞ்சாலையில் கல்லடி உறுதி. குறைகளும் இருக்கின்றன: விலை, ஓரங்களில் சேரும் அழுக்குக் கோடு, சிவப்பின் ஆழத்தை ஓரளவு மங்கவைக்கும் மேற்பரப்பு, பெயிண்ட் மீதே வைத்து வெட்டினால் விழும் கத்திக்கோடு. முன்பகுதிக்கு மட்டும், முன்கூட்டியே வெட்டிய வடிவங்களில் ஒட்டுவதை ஆதரிக்கிறேன். முழுக் காருக்கும் போர்த்துவது மிகை.

இத்துறையின் எழுத்து முழுவதிலும் பெரிய ஒத்திசைவின்மை ஒன்று உண்டு. பேனட்டுக்குப் பத்துப் பக்கம், காரின் அடிப்பகுதிக்கு ஒரு வரி. எம்எக்ஸ்-5 கெடுவது பேனட்டில் அல்ல. கூரை மடியும் இடத்தில் இருபுறமும் நீர்வடி துளைகள் உள்ளன; இலையும் தூசியும் அடைத்தால் நீர் உள்ளே தேங்கும். முதல் இரண்டு தலைமுறைக் கார்களின் கதவடிச் சட்டங்கள் உள்ளிருந்து துருப்பிடித்ததற்கு இது முக்கியக் காரணம். குளிர்காலத்தில் செஷயர் சுரங்கத்துப் பாறை உப்பு சாலையெங்கும் தூவப்படுகிறது. சக்கர வளைவுகளிலும் அடித்தகட்டிலும் அது தங்குகிறது. சேதத்தின் உண்மையான அளவைக் கொண்டு நேரத்தைப் பங்கிட்டால், உப்புக் காலத்தில் அடிப்பக்க அலசலுக்கும், ஆண்டு முழுவதும் துளைகளைப் பார்ப்பதற்கும்தான் முன்னுரிமை. துணிக் கூரைக்கு மென்தூரிகையும் நீர்விலக்கும் திரவமும் போதும்.

அழுக்காகிவிடும் என்று காரைக் கொட்டகையிலேயே நிறுத்தும் உரிமையாளர்களைச் சிலர் சிறந்த பாதுகாவலர்கள் என்கிறார்கள். ஜப்பானிய அடிப்படை வடிவத்தில் 990 கிலோ எடைக்குள் இக்காரை அடக்க, பேனட்டையும் முன் மட்கார்டுகளையும் டிக்கி மூடியையும் அலுமினியத்தில் செய்தார்கள். அந்த உழைப்பு வளைவில் காரைத் திருப்பும்போது உணரப்படுவதற்காகச் செய்யப்பட்டது. ஓட்டாமல் காத்த பெயிண்டுக்கு என் மதிப்பீட்டில் எந்த மதிப்பெண்ணும் இல்லை.

எஞ்சியிருப்பது ‘பெயிண்ட் திருத்தம்’: செராமிக் பூசும் முன் புதிய காரையே இயந்திரத்தால் பாலிஷ் செய்யும் வழக்கம். எண்களோடு பேசுவதால் இது அறிவியல்போலத் தோன்றுகிறது. ஆனால் கடைகளில் பயன்படும் சாதாரணத் தடிமன்மானி எல்லா அடுக்குகளையும் சேர்த்த ஒரே எண்ணைத்தான் தரும்; கிளியர் கோட்டைப் பிரித்துக் காட்ட மீயொலிக் கருவி வேண்டும். எஃகை மட்டும் அளக்கும் மலிவுக் கருவியோ இக்காரின் அலுமினியப் பேனட்டில் எதையும் காட்டாது. எடுத்தது எத்தனை மைக்ரான் என்று சொல்லக்கூடிய தொழிலாளிக்கும், எஞ்சியது எத்தனை என்று தெரிவதில்லை. கண்ணுக்குப் புலப்படும் கடுங்கீறல் இல்லாத புதிய காரில் இந்த வேலையை மறுத்துவிட வேண்டும். செய்தே ஆகவேண்டிய காரில், மீயொலிக் கருவியின் அளவை எழுத்தில் வாங்கிய பிறகே இயந்திரத்தை அனுமதிக்க வேண்டும்.