ஒரே சமக்குறிக்கு எத்தனை வேலை?

பைத்தானில் ஒரு பட்டியலின் நடுப்பகுதியை, அதாவது ஸ்லைஸை, ஒரே வரியில் மாற்றிவிடலாம். அழகான வசதிதான். ஆனால் அது வடிவமைக்கப்பட்ட விதத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. இதைப் பாருங்கள்:

இடங்கள் = ["ஆண்டாள் கோவில்", "செண்பகத்தோப்பு", "சாஸ்தா கோவில்", "சதுரகிரி"]
இடங்கள்[1:2] = "அய்யனார் கோவில்"

செண்பகத்தோப்பை எடுத்துவிட்டு, ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற அய்யனார் கோவிலை வைக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். ஓட்டினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் 4 உறுப்பு இருந்த பட்டியலில் இப்போது 18! சரமும் ஒரு தொடர்தானே என்று பைத்தான் அதை உடைத்து உள்ளே கொட்டிவிட்டது. அதுவும் எழுத்து எழுத்தாக அல்ல, யூனிகோடு குறி குறியாக. "அய்யனார்" நமக்கு 5 எழுத்து, பைத்தானுக்கு 8 குறி. "கோவில்" நமக்கு 3, அதற்கு 6. நடுவில் ஒரு இடைவெளி. ஒரு புள்ளி தனியாக ஒரு உறுப்பு, ஓகாரக் குறி தனியாக இன்னொரு உறுப்பு. ஓப்பன்-தமிழ் நூலகத்தை வைத்து முறையாக எழுத்துப் பிரித்தாலும் 9 துண்டு வரும். ஒரு கோவில் வராது.

சதுர அடைப்புக்குறி போட்டு ["அய்யனார் கோவில்"] என்று எழுதியிருக்க வேண்டும் என்பீர்கள். சரி. ஆனால் அதே இடத்தில் 5 என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் பைத்தான் உடனே தடுக்கிறது. எண்ணுக்குக் காவல் இருக்கிறது, சரத்துக்கு இல்லை. பக்கத்திலேயே குறிப்புகளை வேறொரு பட்டியலில் வரிசை மாறாமல் வைத்திருந்தால், சதுரகிரிக்கு எழுதிய குறிப்பு புள்ளிக்கோ கொம்புக்கோ போய்ச் சேரும்.

இதற்கு வேர், ஒரே சமக்குறிக்குள் மாற்று, செருகு, நீக்கு மூன்றையும் அடைத்ததுதான். இடங்கள்[1:3] = [] என்றால் நீக்கம். இடங்கள்[1:1] என்றால் செருகல். இடங்கள்[40] என்ற தனி இடத்துக்கு மதிப்பிருத்தினால் பிழை. இடங்கள்[40:41] என்றால் சத்தமில்லாமல் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். 4 என்று அடிக்க வேண்டியதை 40 என்று அடித்தவனுக்கு யார் சொல்வது? வேடிக்கை என்னவென்றால், [::2] என்று படி வைத்தால் அதே பைத்தான் கறாராகி, இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருந்தே ஆக வேண்டும் என்கிறது.

நம்பை இதே குறியீட்டுக்கு வேறு பொருள் தருகிறது. அங்கே அணியின் நீளம் மாறவே மாறாது. ஒற்றை எண் கொடுத்தால் துண்டு முழுவதும் அதையே நிரப்பும். துண்டை இன்னொரு பெயரில் வைத்துத் திருத்தினால் மூல அணியும் மாறும், பட்டியலில் மாறாது. +2-வில் பைத்தான் படித்துவிட்டு வருகிற பிள்ளை இதில் முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நீளம் மாறுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பட்டியல் வளரத்தான் செய்யும். வளர்ப்பதற்கு வேறு பெயர் வேண்டும் என்கிறேன். ஜூலியா அதைத்தான் செய்தது: சமக்குறி என்றால் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும், ஒரே மதிப்பை எல்லா இடத்திலும் நிரப்ப, சமக்குறிக்கு முன் ஒரு புள்ளி, செருகவும் நீக்கவும் தனிச் செயல்கூறுகள். 2018-இல் வந்த 1.0 பதிப்பில், புள்ளியில்லாமல் நிரப்புவதைத் தடையே செய்துவிட்டார்கள். பழைய நிரல்கள் உடைந்தன, உடைந்தால் உடையட்டும் என்றே விட்டார்கள்.

தமிழில் நிரல்மொழி செய்கிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி (அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2009-இல் வந்தது) பைத்தான் மேல் கட்டப்பட்டது. அப்படிக் கட்டினால் வேலை பாதி மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் கலைச்சொல்லைத் தமிழாக்க நாம் காட்டுகிற அக்கறையில் கால்வாசிகூட, கீழே இருக்கிற மொழியிலிருந்து தானாக ஏறி வரும் இந்தப் பழக்கங்களைச் சலிப்பதில் காட்டுவதில்லை. "மாற்று", "செருகு", "நீக்கு", "நிரப்பு" என்று நமக்கு நாலு வினைச்சொல் தயாராக இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரு சமக்குறியில் ஏன் போட்டுத் திணிக்க வேண்டும்? சரத்தைத் துண்டுக்குள் போட்டால் அது முழுசாக ஒரே உறுப்பாகத்தான் போக வேண்டும். உடைக்க வேண்டுமென்றால் "உடை" என்று எழுதட்டுமே.